இரண்டாம் கொடிக்குப் பதினோரு அடி

ஞானசுந்தரிக்கு பேண்டு செட்டுப் பைத்தியம் என்று கல்மேட்டுச் சேரியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு நகை ஆசை இருக்கலாம், புடவை ஆசை இருக்கலாம். பெரிய டிரம் எந்த இடத்தில் முந்தியது, சைடு டிரம் எந்த வளைவில் பிந்தியது என்று நாற்றுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நியாயம் பேசுகிறவளை என்ன செய்வது? அவள் புருஷன் அருள்தாஸ் ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டான். அவனுக்கு பேண்டு சத்தமும் ஒன்றுதான், மாட்டு வண்டிச் சத்தமும் ஒன்றுதான்.

அவள் எந்தக் கருவியையும் தொட்டவள் இல்லை. தொட விடவும் மாட்டார்கள். ஆனால் முப்பத்தைந்து வயதுக்குள் அவள் கூடவே நடந்துபோன ஊர்வலங்கள் ஏராளம். உத்திரமேரூரைச் சுற்றி எட்டு மைலுக்குள் கல்யாணமோ சாவோ எலக்ஷனோ, எதற்கு பேண்டு வந்தாலும் பெரிய டிரம்முக்குப் பக்கத்தில் ரோட்டோரமாக நடந்துகொண்டிருப்பாள். மற்றவர்கள் காதால் கேட்பார்கள். அவள் காலாலும் கேட்பாள். வரிசையில் நின்று சேற்றில் பின்வாங்கிப் பின்வாங்கி நாற்று நட்டவளுக்கு, பக்கத்தில் இருப்பவள் அரை அடி பிசகினாலும் முதுகுக்குத் தெரிந்துவிடும். பேண்டும் அப்படித்தான் என்பாள். இதைச் சொன்னால் ஆண்பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

நாலு மைல் தள்ளி இருந்த மாதா கோயிலில் ஆவணிக் கடைசியில் திருவிழா. ஒன்பதாம் நாள் சாயங்காலம், தேர் புறப்படுவதற்கு முன்னால், பேண்டு செட்டுகளுக்குப் போட்டி நடக்கும். மைதானத்தில் நூறு கஜ இடைவெளி விட்டு இரண்டு கொடி நட்டிருப்பார்கள். முதல் கொடியில் எடுத்த பாட்டை இரண்டாம் கொடி தாண்டும்வரை நிறுத்தக் கூடாது. நடையும் நிற்கக் கூடாது. பெரிய டிரம்மில் அடி விழும்போது எல்லாருடைய இடது காலும் தரையில் இருக்க வேண்டும். நடுவர் மேசையில் பட்டாளத்து பேண்டிலிருந்து பென்ஷன் வாங்கி வந்த தாமோதரன் ஹவில்தார் உட்கார்ந்திருப்பார். அவர் கால்களைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். ஜெயித்த செட் அன்றைக்குத் தேருக்கு முன்னால் போகும். மூன்று வருஷம் தொடர்ந்து தோற்ற செட்டை அப்புறம் கூப்பிட மாட்டார்கள். அந்த இடத்துக்கு வேறு ஊர்க்காரர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்மேட்டு செட் இரண்டு வருஷம் தோற்றுவிட்டது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு, மூன்றாவது வருஷம்.

தோற்றது வாசிப்பினால் இல்லை, துண்டினால். கல்மேட்டு செட் ஊர்த்தெருக் கல்யாணத்துக்குப் போனால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வாசிக்க வேண்டும். பந்தலுக்கு வெளியே நின்று வாசித்து, வெளியே நின்று சாப்பிட்டு வர வேண்டும். அதனால் தங்களுடைய திருவிழா வந்தால் சேரி ஜனங்களுக்குக் கை துறுதுறுக்கும். புதுத் துண்டைப் பிரித்து, நடுவில் வருகிற பெரிய டிரம் ஐசக்கின் தோளில் போர்த்தியே ஆக வேண்டும். போர்த்தினால் ஐசக் அடிப்பதை நிறுத்துவான், தலை குனிவான், துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். அதுதான் முறை. பெரிய டிரம் நின்றால் செட் முழுவதும் நிற்கும், ஏனென்றால் பதினாலு பேர் கால்களும் அதன் அடியில்தான் நடக்கின்றன. முதல் வருஷம் ஐசக்கின் மைத்துனன் இரண்டு கொடிக்கும் நடுவில் புகுந்து துண்டு போட்டான். இரண்டாவது வருஷம் ஏழு பேர் வரிசையில் நின்று போட்டார்கள். ஹவில்தார் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இந்தச் சின்ன விஷயம் கண்ணிருக்கிற எவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. டீக்கடை பெஞ்சில் வருஷம் பூராவும் ஆராய்ச்சி நடக்கும். ஜெயித்தது திருமுக்கூடல் செட். அவர்களிடம் சிவப்புக் கோட்டு இருந்தது, பித்தளைப் பொத்தான் வைத்தது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மார்க் போட்டார்கள் என்பது ஒரு கட்சி. கண்ணேறு பட்டுவிட்டது என்பது இன்னொரு கட்சி. கிளாரினெட் வாசிக்கிற ஏசுதாஸ்தான் செட்டுக்குத் தலைவர். அவர் இரண்டு கட்சியையும் ஒத்துக்கொள்வார்.

டீ வாங்கத் தூக்கோடு போகும் ஞானசுந்தரிக்குக் காதில் விழுந்தால் பொறுக்காது.

"கோட்டு இன்னா கோட்டு? கோட்டா வாசிக்குது?" என்பாள். "துண்டு போட்டு நிறுத்துனது நீங்க. ரெண்டு வருசமும் நீங்கதான் தோக்கடிச்சீங்க."

"பொம்பள பேசற பேச்சா இது? மரியாத செய்ய வேணான்றியா?" என்பார் ஏசுதாஸ்.

"செய்யுங்கண்ணா, வேணான்னு யாரு சொன்னது? ரெண்டாங் கொடி தாண்டுனதும் செய்யுங்க. நாலு நிமிசம் பொறுத்தா மரியாத கெட்டா பூடும்?"

"நீ டீய வாங்கிக்கினு வூட்டுக்குப் போ."

அவள் போவாள். மறுநாள் பெஞ்சில் மறுபடியும் சிவப்புக் கோட்டு ஆரம்பமாகும். சுவரிடம் பேசினால்கூட எதிரொலியாவது வரும் என்று அருள்தாஸிடம் சொல்லி அங்கலாய்ப்பாள். அவன் "ம்" என்பான்.

அவளிடம் ஒழுங்காக பேண்டு பேசத் தெரிந்த ஒரே ஆள் வீரம்மாள். அவள் திருமுக்கூடலில் பிறந்து, பக்கத்துச் சேரியில் வாழ்க்கைப்பட்டவள். நடவு வரிசையில் எப்போதும் ஞானசுந்தரிக்குப் பக்கத்து ஆள். வீரம்மாளின் அண்ணன் சுப்பன் திருமுக்கூடல் செட்டில் பன்னிரண்டு வருஷம் பெரிய டிரம் அடித்தவன். தோள்பட்டை நழுவியபிறகு டிரம்மைச் சுமக்க முடியாமல் வெறுமனே செட்டின் பின்னால் நடக்கிறவனாகிவிட்டான். அண்ணன் பெருமை பேசியே தங்கை ஒரு காணி நட்டுவிடுவாள். மற்றப் பெண்கள் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் இரண்டு பேரும் வரிசையின் கோடியில் சண்டை பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

"எங்க செட்டு சைடு டிரம்மு உருட்டுனா மய பெய்யற மாதிரி கீதுமே. உங்களுது கூரையில புளியங்கொட்ட கொட்னாப்புல கீது."

"உருட்டறது பெரிசு இல்ல வீரம்மா. உருட்டிட்டு நிறுத்தத் தெரியணும். உங்க ஆளு நிறுத்தறப்ப ஒரு அடி ஒயுங்கா நிக்காம வெளிய சிந்துது. நல்லா யோசிச்சுப் பாரு."

வீரம்மாள் நாற்றைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசிப்பாள். பிறகு, "ஆமா, சிந்துது," என்பாள். எதிராளி ஒத்துக்கொள்வது எவ்வளவு பெரிய சுகம் என்பது டீக்கடை பெஞ்சிடம் இரண்டு வருஷம் மோதியவளுக்குத்தான் தெரியும்.

அந்த வருஷம் ஞானசுந்தரி ஆண்பிள்ளைகளிடம் நியாயம் பேசுவதை விட்டுவிட்டாள். அவர்கள் பெண்சாதிகளிடம் போனாள். புதுத் துண்டு வாங்குவது ஆண்பிள்ளையாக இருந்தாலும் அதை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பது பெண்பிள்ளைதானே. ஒன்பதாம் நாள் காலையில் ஒரு கூடையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். முப்பத்தொரு துண்டு சேர்ந்தது. இரண்டாம் கொடியின் பக்கத்தில் கூடையோடு நிற்பதாகவும், செட் கொடியைத் தாண்டியதும் யார் வேண்டுமானாலும் வந்து அவரவர் துண்டை வாங்கிப் போடலாம் என்றும் சொன்னாள். பெண்கள் குடுத்துவிட்டார்கள். தோற்றுத் தோற்று அவர்களுக்கும் அலுத்துப் போயிருந்தது.

"இன்னாமே, என் துண்டுமா?" என்றான் அருள்தாஸ்.

"உன்துதான் மொதல்ல."

ஐசக்கிடம் தனியாகச் சொன்னாள்: "நடுவுல எவன் வந்தாலும் நிக்காத."

ஐசக் தயங்கினான். "தோள்ல வியுந்தப்புறம் நிக்காம எப்பிடிக்கா? போட்டவரு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடாதா?"

"போட ஆள் இருந்தாத்தான? சேரித் துண்டு பூரா எங்கிட்ட கீது."

இதில் அவள் செய்த தப்பு ஒன்று. முந்தின நாள் நடவில், சண்டை சூட்டில், வீரம்மாளிடம் இந்தத் திட்டம் முழுவதையும் உளறிவிட்டாள். "இந்த வாட்டி எங்காளு நடுவுல நிக்க மாட்டான், துண்டே வியாது" என்று ஆரம்பித்து, கூடைவரைக்கும் சொல்லி முடித்தபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். வீரம்மாள், "அப்ப நாளைக்கித்தான் நெசமான போட்டி" என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் நாலு மணிக்குத் திருமுக்கூடல் செட் முதலில் போனது. சிவப்புக் கோட்டுக்கு ஜனம் ஆரவாரம் செய்தது. வாசிப்பு நன்றாகத்தான் இருந்தது. சைடு டிரம் நிறுத்தும்போது ஒரு அடி சிந்தியது. ஞானசுந்தரி மட்டும் தலையை ஆட்டிக்கொண்டாள். அப்புறம் இரண்டு செட் போயின. கடைசியில் கல்மேடு.

வெள்ளைச் சட்டை, காக்கி நிக்கர், வெறுங்கால். முதல் கொடியில் ஏசுதாஸ் கிளாரினெட்டை உயர்த்தினார். ஐசக்கின் முதல் அடி விழுந்தது. பதினாலு இடது கால்கள் ஒன்றாக இறங்கின. ஞானசுந்தரிக்கு உள்ளங்கால் குறுகுறுத்தது. இருபது அடி, முப்பது அடி. ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி யாரும் வரவில்லை. கல்மேட்டு ஆண்பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள், போடுவதற்குத் துண்டு இல்லாமல். ஹவில்தார் மேசையிலிருந்து கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததை அவள் பார்த்தாள். மூன்று வருஷத்தில் அவர் அப்படிச் சாய்ந்து அவள் பார்த்ததில்லை.

முக்கால் தூரம் தாண்டியது. பாட்டில் ஏசுதாஸ் மூச்சு வாங்குகிற இடம் ஒன்று வரும். அங்கே எல்லாரும் சத்தத்தை அடக்கிக்கொள்ள, பெரிய டிரம் தனியாக இரண்டு அடி போட வேண்டும். எந்த டிரம்காரனும் அந்த இடத்தில் ஓங்கிப் போடுவான், தனியாகக் கிடைத்த இடமாயிற்றே. ஐசக் அன்றைக்கு அந்த இரண்டு அடியையும் தோலைத் தடவிப் பார்ப்பதுபோல மெதுவாகப் போட்டான். அவ்வளவு மெதுவாகப் போட்டும் பதினாலு கால்களும் அதைக் கேட்டு இறங்கின. ஞானசுந்தரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதை யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் ஒருத்தி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தன் சிவப்புக் கோட்டுகள் எங்கே நிற்கின்றன என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பிப் பார்ப்பதற்குள் எதிர்ப்பக்கத்துக் கயிற்றுக்குக் கீழே குனிந்து ஒரு ஆள் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தான். ஒரு பக்கத் தோள் இறங்கியிருந்தது. சுப்பன். நல்ல கையால் தன் தோளில் கிடந்த வேர்வைத் துண்டை எடுத்தான், பழைய துண்டு. ஞானசுந்தரி கத்தினாள். தாளத் தட்டுச் சத்தத்தில் அது அவளுக்கே கேட்கவில்லை. சுப்பன் ஐசக்கின் தோளில் துண்டைப் போர்த்திவிட்டுக் கும்பிட்டான்.

ஐசக் அந்த முகத்தைப் பார்த்தான். அந்தச் சுற்று வட்டாரத்தில் பெரிய டிரம்மைத் தோளில் மாட்டிய எவனுக்கும் சுப்பனைத் தெரியும். ஐசக் அடிப்பதை நிறுத்தினான். தலை குனிந்தான். துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். செட் நின்றது.

இரண்டாம் கொடிக்கு இன்னும் பதினோரு அடி இருந்தது. பிற்பாடு ஞானசுந்தரியே நடந்து எண்ணிப் பார்த்தாள்.

ஹவில்தார் பென்சிலைக் கீழே வைத்தார். திருமுக்கூடல் செட் ஜெயித்ததாகச் சொன்னார்கள். சுப்பன் நடுவர் மேசைக்குப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு நின்றதை அவள் பார்த்தாள்.

"தப்பு என்னுதுங்கய்யா. அவுங்க நிக்கல, நான் நிறுத்திட்டேன். கல்மேட்டுக்கே குடுத்துடுங்க."

"நின்னது நின்னதுதான்யா," என்றார் ஹவில்தார். "யார் நிறுத்தினாங்கன்னு பாக்கறதுக்கு ரூல் இல்ல. எனக்கு மட்டும் மனசு இல்லையா?"

இது நாடகம் என்று ஞானசுந்தரி நினைத்தாள். நிறுத்திவிட்டு நியாயமும் பேசுகிறான். வீரம்மாள் சொல்லியிருக்கிறாள், அண்ணன் வந்து காரியத்தை முடித்துவிட்டான். இதைவிடச் சாமர்த்தியமாக ஒரு செட்டை யாராலும் கவிழ்க்க முடியாது. மரியாதை செய்தவனை எந்த நீதிமன்றத்தில் நிறுத்துவது?

இது போதாது என்று சொந்த ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஏசுதாஸ் கிளாரினெட்டைத் துணியில் சுற்றியபடி அவளிடம் வந்தார்.

"நல்லாக் கெடுத்த. எங்க துண்டெல்லாம் புடுங்கி வெச்சுக்கின. எப்பிடியும் தோக்கப் போறதுன்னா நம்ம ஆளு போட்டதாவது இருந்திருக்கும். இப்ப வெளியூர்க்காரன் போட்டதுதான் மிச்சம்."

முப்பத்தொரு துண்டையும் யாரும் கேட்டு வாங்கவில்லை. நாலு மைலும் அந்தக் கூடையை அவளே சுமந்துகொண்டு வந்து, வீடு வீடாகத் திருப்பிக் குடுத்தாள். ஒருத்தியும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மறுநாள் ஐசக்கைப் பிடித்துக் கேட்டாள்: "தனியா ரெண்டு அடி போட்டியே, மெதுவா. அத எப்பிடிடா போட்ட?"

"எந்த ரெண்டு அடிக்கா?" என்றான் ஐசக்.

அவள் விளக்கினாள். வாயால் தாளம் சொல்லிக் காட்டினாள். அவன் நல்ல பையன், ஞாபகப்படுத்திக்கொள்ளப் பார்த்தான். வரவில்லை. கை அசந்திருக்கும் என்றான். ஏசுதாஸிடம் கேட்டாள். அந்த இடத்தில் தான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். டீக்கடையில் கேட்டாள். மெதுவாக அடித்ததால்தான் மார்க் போயிருக்கும் என்று பெஞ்சு கண்டுபிடித்தது. அருள்தாஸிடமும் கேட்டுப் பார்த்தாள், வேறு வழியில்லாமல். அவன் "ம்" என்றான்.

நாலாம் நாள் நடவுக்குப் போனாள். வீரம்மாள் எப்போதும்போல வரிசைக் கோடியில் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். ஞானசுந்தரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உச்சிப்பொழுதுவரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றப் பெண்களுக்கே அது என்னவோபோல இருந்தது.

கடைசியில் ஞானசுந்தரியால் அடக்க முடியவில்லை. "சொல்லிட்ட இல்ல?"

"எத?"

"துண்டு சேதிய. உங்கண்ணங்கிட்ட."

வீரம்மாள் நிமிர்ந்தாள். "சொல்லல. எம்புள்ளைங்க மேல ஆணையா யாருக்கும் சொல்லல. அது நமக்குள்ள பேசிக்கினது, அத எதுக்கு நான் சொல்லப் போறேன்? உங்க செட்டு நிக்காம போனா எப்பிடி இருக்குதுன்னு எனக்கே பாக்கணும்னு இருந்துச்சு."

"அப்ப அவுரு எப்பிடி வந்தாரு?"

"அன்னிலேர்ந்து எங்கண்ணன் சரியா சோறு துன்னல. எங்கூர்லயே அவுர ஏசறாங்க, ஜெயிச்ச ஜெயிப்ப நாறடிச்சிட்டன்னு. நேத்து போய்ப் பாத்தேன். இன்னாண்ணா பண்ணிட்டன்னு கேட்டேன்." வீரம்மாள் கையிலிருந்த நாற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அவுரு சொன்னாரு, கிளாரினெட்டு மூச்சு வாங்குச்சாமே, அங்க அந்தப் பையன் தனியா ரெண்டு அடி போட்டானாமே. தோலத் தடவற மாதிரி. பன்னண்டு வருசம் அத மெதுவாப் போடணும்னு பாத்தேன், எனக்கு ஒரு நாளும் வரல, பயந்துக்கினு ஓங்கிப் போட்டுடுவேன்னாரு. அதக் கேட்டப்புறம் கொடி எங்க கீது, போட்டி எங்க கீது, ஒண்ணும் தெரிலயாம். காலு தானா உள்ள போயிடுச்சாம்."

ஞானசுந்தரி அப்படியே நின்றாள். வரிசை பின்வாங்கிக்கொண்டிருந்தது. அவள் இடம் மட்டும் நடாமல் கிடந்தது. நாலு நாளாக மனசுக்குள் சுப்பனை நிறுத்திவைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது திட்டுவதற்கு அவனும் இல்லாமல் போய்விட்டான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சேற்றுக் கையால் துடைக்கவும் முடியவில்லை.

வீரம்மாள் தன் கையிலிருந்த நாற்றை ஞானசுந்தரியின் இடத்தில் நட ஆரம்பித்தாள். "அடுத்த வருசம் உங்க செட்ட கூப்பிட மாட்டாங்க இல்ல?" என்று குனிந்தபடியே கேட்டாள்.

"மாட்டாங்க."

ஞானசுந்தரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "அவ்ளோ ஜனம் நின்னுச்சே வீரம்மா. அந்த ரெண்டு அடியக் கேட்ட ஒரே ஒருத்தரும் உங்கண்ணனாத்தான் இருக்கணுமா?"

வீரம்மாள் அடுத்த நாற்றையும் அவள் இடத்திலேயே நட்டாள்.